பொருத்தப்பாடு என்னும் அளவுகோல்: மனச்சிதைவு நோயாளிகளை அளந்த கதை



இந்த நினைவுச் சொற்பொழிவில் இலக்கியம் பற்றியோ பஞ்சமி நிலம் பற்றியோ பேசுவதுதான் நம் வழக்கம். இந்த ஆண்டு நான் ஒரு படிவத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். யாருடைய நினைவாக நாம் கூடியிருக்கிறோமோ அவர் வாழ்நாளெல்லாம் அடுத்தவருக்காக மனு எழுதியவர். அரசு அச்சடித்த காகிதம் எதையும் திருப்பிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர். அந்தப் பழக்கத்தில்தான் இந்தப் படிவத்தையும் திருப்பிப் பார்த்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் சின்னம்மாவோடும் அவர் மகனோடும் ஒரு அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். தம்பிக்கு மனச்சிதைவு நோய். அப்போது ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. காதில் குரல் கேட்கும். மாத்திரை சாப்பிட்டால் குரல் தணியும், நிற்காது. மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கினால் உதவித்தொகைக்கு வழி பிறக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மருத்துவர் இளைஞர், பொறுமையாகத்தான் கேட்டார். தானாகக் குளிக்கிறானா, தானாகச் சாப்பிடுகிறானா, அக்கம்பக்கத்தில் பழகுகிறானா, டீக்கடை, கோயில், கல்யாணம் காட்சி என்று வெளியே போகிறானா?

“எங்க சார் போவான்? காலனியத் தாண்டினாத்தான் டீக்கடை. அங்க எங்க ஆளுங்க உக்காந்து டீ குடிச்சு நான் பாத்ததில்ல” என்றார் சின்னம்மா.

மருத்துவர் ஒரு கணம் பேனாவை நிறுத்தினார். பிறகு ஏதோ எழுதினார். அடுத்த கேள்வி: வேலைக்குப் போகிறானா?

“போறான் சார். அவங்க அப்பாகூடதான். பேரூராட்சிக் குப்பை வண்டி, கான்ட்ராக்ட்ல.”

அதையும் எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். தன்னைப் பேணுதல் 1, பிறரோடு பழகுதல் 2, பேச்சும் புரிதலும் 1, வேலை 0, நோய்க்காலத்துக்கு 3. ஆக 7. எட்டு வந்தால்தான் நாற்பது விழுக்காடு. நாற்பது விழுக்காடு இருந்தால்தான் சட்டம் தரும் சலுகைகள் கிடைக்கும். ஒரு மதிப்பெண்ணில் போயிற்று.

பேருந்தில் திரும்பி வரும்போது அந்த ஐந்து எண்களையும் மனதுக்குள் கூட்டிக்கொண்டே வந்தேன். ‘பழகுதல்’ கட்டத்தில் விழுந்த 2 அவனுடைய நோய்க்கு மட்டும் விழுந்ததா, டீக்கடைக்குமா? ‘வேலை’ கட்டத்தில் விழுந்த 0, ஊனமே இல்லை என்று சொல்லும் அந்த 0, அவனுடைய திறமைக்கு விழுந்ததா? எந்த நிலையில் இருந்தாலும் எங்கள் பிள்ளைகளுக்குக் குப்பை வண்டியில் ஓரிடம் காலியாகவே இருக்கும் என்ற ஏற்பாட்டுக்கு விழுந்ததா? ஒரே தாளில் ஒரு கட்டத்தில் சாதி நோயாகப் பதிவானது, அடுத்த கட்டத்தில் ஆரோக்கியமாகப் பதிவானது. அந்தத் தாளில் சாதி என்ற சொல் மட்டும் எங்கும் இல்லை.

அந்தத் தாளின் பெயர் ‘ஐடியாஸ்’. இந்திய மனநல மருத்துவர் சங்கத்தின் மறுவாழ்வுக் குழு உருவாக்கியது. 2002இல் ஒன்றிய அரசு அரசிதழில் வெளியிட்டு ஏற்றுக்கொண்டது. நான்கு கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. நோய்க்காலத்துக்கு அதிகபட்சம் 4. மொத்தம் 20. அதைச் செய்தவர்களைக் குறை சொல்வது என் நோக்கம் அன்று. 1995ஆம் ஆண்டுச் சட்டம் மன நோயையும் ஊனங்களின் பட்டியலில் சேர்த்தபோது, அதை எப்படி அளப்பது என்று யாராவது சொல்லியே ஆகவேண்டியிருந்தது. அளவு இல்லையென்றால் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் இல்லையென்றால் உரிமை இல்லை. ஆனால் இந்தக் கட்டங்கள் 2002இல் முளைத்தவை அல்ல. அவற்றின் வேர் நெடுந்தூரம் போகிறது. அந்தத் தூரத்தைத்தான் இன்று உங்களோடு நடந்து பார்க்கலாம் என்று வந்தேன்.

‘சமூகப் பொருத்தப்பாடு’ என்கிறது உளவியல் பாடநூல். பொருத்தம் என்றால் நமக்கு ஜாதகம் நினைவுக்கு வரும். அதே சொல்லின் ஆங்கிலத்தை நம் மக்கள் தினமும் பேருந்தில் பேசுகிறார்கள்: கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி உட்காருங்க. யார் நகர்ந்து உட்கார வேண்டும் என்பதைத்தான் அந்தச் சொல் எப்போதும் தீர்மானித்து வந்திருக்கிறது.

முதலில் அமெரிக்காவுக்குப் போகவேண்டும். மனச்சிதைவு என்ற பெயரே பிறக்காத காலம். 1840ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அமெரிக்கா முதன்முறையாகப் பைத்தியக்காரர்களையும் எண்ணியது. கறுப்பினத்தவரைப் பொறுத்தவரை அதில் விசித்திரமான முடிவு வந்தது. அடிமை முறை இருந்த மாநிலங்களில் 1,558 பேருக்கு ஒருவர் மனநிலை பிறழ்ந்தவர் அல்லது மூளை வளர்ச்சி குன்றியவர்; அடிமை முறை இல்லாத மாநிலங்களில் 162 பேருக்கு ஒருவர். வடக்கே மெய்ன் மாநிலத்தில் 14 பேருக்கு ஒருவர். விடுதலை கொடுத்தால் இவர்களுக்குப் பைத்தியம் பிடிக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? 1844இல் வெளியுறவுத் துறைச் செயலாளராக இருந்த ஜான் கால்ஹூன், அடிமை முறையை நியாயப்படுத்தி எழுதிய கடிதத்தில் இந்த எண்களைத்தான் எடுத்து வைத்தார்.

எட்வர்ட் ஜார்விஸ் என்ற மாசச்சூசட்ஸ் மருத்துவர் முதலில் இந்த எண்களை நம்பினார். 1842இல் அவரே இதற்கு விளக்கம் எழுதினார்: அடிமைக்குக் கவலை இல்லை, பொறுப்பு இல்லை, அதனால் மனம் தடுமாறுவதும் இல்லை என்று. பிறகு சந்தேகம் வந்து கணக்கேட்டின் பக்கங்களை ஊர் ஊராகப் புரட்டிப் பார்த்தார். கறுப்பினத்தவர் ஒருவர்கூட வாழாத ஊர்களில் கறுப்பினப் பைத்தியக்காரர்கள் எண்ணப்பட்டிருந்தார்கள். வூஸ்டர் என்ற ஊரில் 133 பேர் என்று இருந்தது. அங்கே இருந்த அரசு மனநல மருத்துவமனையின் வெள்ளை நோயாளிகளைத்தான் பக்கத்துப் பத்தியில் தவறாக எழுதியிருந்தார்கள். அதே ஆண்டிலேயே ஜார்விஸ் தன் கருத்தை மாற்றிக்கொண்டு எழுதினார். ஜேம்ஸ் மெக்கியூன் ஸ்மித் என்ற கறுப்பின மருத்துவர் தனியே கணக்குப் போட்டு அந்த எண்களை உடைத்தார். அரசு கடைசி வரை திருத்தவில்லை.

ஜார்விஸை எனக்குப் பிடிக்கும். தவறான எண்ணைப் பார்த்ததும் அதற்கு ஒரு கோட்பாடு சொன்னார் பாருங்கள், அது படித்தவர்கள் எல்லோரும் செய்வது. பிறகு உட்கார்ந்து பக்கத்தைப் புரட்டினார், அது சிலர்தான் செய்வது. வூஸ்டர் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவோம்.

1851இல் லூசியானாவைச் சேர்ந்த சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், தப்பி ஓடும் அடிமைகளைப் பிடிக்கும் நோய் ஒன்று இருக்கிறது என்று அதற்குப் பெயரும் வைத்தார். நம் கூட்டங்களில் பலமுறை பேசியாயிற்று, விட்டுவிடுகிறேன்.

மனச்சிதைவு என்று நாம் மொழிபெயர்க்கும் பெயரைச் சுவிட்சர்லாந்தின் ஆய்கன் ப்ளாய்லர் 1908இல் முன்வைத்தார்; 1911இல் அதைப் பற்றிய அவருடைய பெரிய நூல் வந்தது. யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்பதுதான் அதற்குப் பிறகு மருத்துவமனைகளின் பெருங்கவலையாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் உளவியலாளர்கள் ஒரு விடை சொன்னார்கள்: நோய் வருவதற்கு முன் அவர் சமூகத்தோடு எப்படிப் பொருந்தியிருந்தார் என்று பாருங்கள், முடிவு தெரிந்துவிடும்.

இந்த விடையை அளவுகோலாக்கியவர் லெஸ்லி பிலிப்ஸ். ஆண்டு 1953. இடம், அதே வூஸ்டர் அரசு மருத்துவமனை. பிலிப்ஸ் அளவுகோலில் பெரும்பகுதி எதிர்பாலினத்தாரோடு பழகிய வரலாறு: இளமையில் பழகினாரா, மணம் செய்துகொண்டாரா, இல்லறம் எப்படி? மீதி, நண்பர்கள் உண்டா, முன்னின்று பழகுவாரா, ஒதுங்கி நிற்பாரா? சில ஆண்டுகளில் அவரும் எட்வர்ட் சிக்லரும் சேர்ந்து ‘சமூகத் திறன்’ என்ற குறியீட்டை உருவாக்கினார்கள். அதில் ஆறு கூறுகள்: வயது, அறிவுத்திறன் ஈவு, கல்வி, தொழில், வேலை வரலாறு, மண நிலை.

இந்த ஆறையும் மெல்ல ஒருமுறை சொல்லிப் பாருங்கள். கல்வி, தொழில், வேலை வரலாறு. அன்றைய அமெரிக்காவில் கறுப்பினச் சிறுவனுக்கு எந்தப் பள்ளி, எந்தத் தொழில் என்று ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்கள். பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று அங்கே உச்ச நீதிமன்றம் சொன்னதே 1954இல்தான். மேலே இருந்தவனுக்குக் கொடுக்கப்பட்டவை அனைத்தும் அவனுடைய மனத்தின் திறனாகவும், கீழே இருந்தவனுக்கு மறுக்கப்பட்டவை அனைத்தும் அவனுடைய மனத்தின் குறையாகவும் கணக்கில் ஏறின. பிலிப்ஸ் இனவெறியர் என்று நான் சொல்லவரவில்லை. கணிக்கும் கருவியாக அவருடைய கோல் ஓரளவு வேலையும் செய்தது. தேறியவர்கள் பெரும்பாலும் முன்பே வேலையும் குடும்பமும் உள்ளவர்களாக இருந்தார்கள். ஆனால் ஏன் தேறினார்கள்? உள்ளே வலிமை இருந்ததாலா, வெளியே வீடும் சம்பளமும் காத்திருந்ததாலா? கோலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

பொருந்தாமை என்ற சொல்லுக்கு எதிராக அந்த நாட்டில் ஒரு குரல் நேரடியாகவே எழுந்தது. 1967 செப்டம்பரில் அமெரிக்க உளவியல் சங்கத்தின் மாநாட்டில் மார்ட்டின் லூதர் கிங் பேசினார். பொருந்தாமை என்பது உங்கள் துறையில் அதிகம் புழங்கும் சொல் என்று தொடங்கி, இனப் பாகுபாட்டுக்கும் போருக்கும் பொருந்திப்போக மறுப்பதே தேவை என்றார். ஆக்கபூர்வமாகப் பொருந்தாமல் இருப்பதற்கென்றே ஒரு பன்னாட்டுச் சங்கம் வேண்டும் என்றும் சொன்னார். அரங்கில் இருந்தவர்களின் தொழிலே மனிதர்களின் பொருத்தத்தை அளப்பது. அடுத்த ஆண்டே மனநல மருத்துவ இதழ் ஒன்றில், கறுப்பின எழுச்சியோடு தொடர்புடைய ஒருவகைச் சிதைவு நோயை ‘போராட்ட மனநோய்’ என்று பெயரிட்டு இரு மருத்துவர்கள் கட்டுரை எழுதினார்கள். மிச்சிகனின் அயோனியா மருத்துவமனைப் பதிவுகளைப் படித்த ஜோனதன் மெட்சல், 2010இல் வெளியான தன் நூலில் ஒரு மாற்றத்தைக் காட்டினார்: ஒரு காலத்தில் பெரும்பாலும் ஒடுங்கிப்போன வெள்ளைப் பெண்களுக்குச் சூட்டப்பட்ட மனச்சிதைவு என்ற பெயர், 1960களில் டெட்ராய்ட்டின் கறுப்பின ஆண்கள் மீது ஏறியது. 1974இல் ஒரு மருந்து விளம்பரத்தில் கையை முறுக்கி நிற்கும் கறுப்பின ஆணின் படம் போட்டார்கள். நோயின் பெயர் மாறவில்லை, நோயாளியின் முகம் மாறிவிட்டது.

இங்கிலாந்தில் நடந்தது வேறு கதை. எனக்கு அதுதான் முக்கியம், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

புதிய மருந்துகள் வந்த 1950களில் லண்டன் பகுதி மருத்துவமனைகளிலிருந்து நீண்டகால நோயாளிகள் வீடு திரும்பத் தொடங்கினார்கள். அவர்களில் யார் நிலைத்தார்கள், யார் மீண்டும் நோய் முற்றி வந்தார்கள் என்று ஜார்ஜ் பிரவுன் என்ற சமூக ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் பார்த்தார்கள். 1958இல் வெளியான முடிவு பலருக்கு அதிர்ச்சி. பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களைவிட, வாடகை அறையிலோ உடன்பிறந்தவர் வீட்டிலோ தங்கியவர்கள் மேலாக இருந்தார்கள். அன்பான குடும்பம் இருந்தால் போதும் என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டது. நோயாளியைப் பற்றிய கேள்வி அவர் வாழும் அறையைப் பற்றிய கேள்வியாக மாறியது.

அடுத்து பிரவுனும் ஜான் விங் என்ற மனநல மருத்துவரும் மூன்று மருத்துவமனைகளை எடுத்துக்கொண்டார்கள்: நெதர்ன், மாப்பர்லி, செவரல்ஸ். மூன்றிலும் மனச்சிதைவு நோய் கொண்ட, நெடுங்காலம் உள்ளேயே இருந்த பெண்கள். 1960இலிருந்து 1968 வரை திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். நோயாளியை மட்டும் அளக்காமல் வார்டையும் அளந்தார்கள் என்பதுதான் அவர்கள் செய்த புதுமை. அந்தப் பெண்ணுக்குச் சொந்தமாகச் சீப்பு இருக்கிறதா, கண்ணாடி இருக்கிறதா, பல் துலக்கும் பிரஷ், கத்தரிக்கோல் இருக்கிறதா? அவள் உடுத்தும் உடை அவளுடையதா, பொதுத் துணிக் குவியலில் வந்ததா? ஒரு நாளில் எத்தனை மணி நேரம் எதுவும் செய்யாமல் உட்கார வைக்கப்பட்டிருக்கிறாள்? செவிலியர் அவளால் என்னென்ன முடியும் என்று நம்புகிறார்கள்?

1970இல் நூல் வந்தது. எந்த மருத்துவமனையில் சீப்பும் கண்ணாடியும் குறைவோ, சும்மா இருக்கும் நேரம் அதிகமோ, அங்கே ஒதுங்கிப்போதலும் பேச்சற்றுப்போதலும் அதிகம். காலப்போக்கில் யாருடைய நிலை மேம்பட்டதோ, அந்த மேம்பாட்டோடு மிக நெருக்கமாக ஒட்டி வந்த மாற்றம் ஒன்றுதான்: எதுவும் செய்யாமல் கழிக்கும் நேரம் குறைந்தது. நோயின் அறிகுறி என்று மருத்துவ ஏடுகளில் எழுதப்பட்டிருந்தவற்றில் ஒரு பகுதி, அந்தக் கட்டடத்தின் அறிகுறி.

சீப்பு, கண்ணாடி. நம்மில் பலர் அரசு ஆதிதிராவிடர் நல விடுதிகளில் படித்தவர்கள். பிரவுனும் விங்கும் என்ன கண்டுபிடித்தார்கள் என்பதை நமக்கு விளக்கவேண்டிய தேவை இல்லை.

மனிதனை அளப்பதா, அவனைச் சுற்றியிருப்பதை அளப்பதா என்ற இந்த இரு வழிகளில் உலகம் முழுக்கப் பரவியது முதல் வழிதான். அது மலிவு. அரை மணி நேர நேர்காணல் போதும். 1970களில் மிர்னா வைஸ்மன் குழுவின் சமூகப் பொருத்தப்பாட்டு அளவுகோல் வந்தது. அது முதலில் மனச்சோர்வு கொண்ட பெண்களுக்காகச் செய்யப்பட்டது. 1979இல் மனச்சிதைவு நோயாளிகளுக்கான அதன் இரண்டாம் வடிவத்தை ஸ்கூலர், ஹோகார்ட்டி, வைஸ்மன் மூவரும் அமைத்தார்கள். வேலை, வீடு, உறவினர், பொழுதுபோக்கு என்று ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒருவர் எவ்வளவு ‘ஒழுங்காக’ இருக்கிறார் என்று அவை கேட்கின்றன. உலக சுகாதார நிறுவனமும் 1988இல் தன் மனநல ஊன மதிப்பீட்டு அட்டவணையை வெளியிட்டது. நம் ‘ஐடியாஸ்’ இந்தக் குடும்பத்துப் பிள்ளை.

இந்தியா இந்தக் கதைக்குள் எப்படி வந்தது? நல்ல பெயரோடு வந்தது. 1960களின் பிற்பகுதியில் உலக சுகாதார நிறுவனம் ஒன்பது நாடுகளில் 1,202 நோயாளிகளைக் கொண்டு ஒரு முன்னோடி ஆய்வைத் தொடங்கியது. இந்தியாவிலிருந்து ஆக்ரா. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது லண்டன், வாஷிங்டன் நோயாளிகளைவிட ஆக்ரா, இபாடான் நோயாளிகளின் நிலை மேலாக இருந்தது. பிறகு சண்டிகரும் சேர்ந்த பெரிய ஆய்விலும் ஏறத்தாழ இதே முடிவு. ஏழை நாட்டில் மனச்சிதைவு நோய் சாதுவாக இருக்கிறது என்பது பாடநூல் உண்மையானது. காரணமும் சொன்னார்கள்: கூட்டுக் குடும்பம் தாங்குகிறது, கிராமம் சகித்துக்கொள்கிறது, வேளாண் வேலை எளிமையானது, எல்லோருக்கும் அதில் ஓரிடம் இருக்கிறது.

சென்னையிலும் ஒரு நெடிய ஆய்வு நடந்தது. 1981இல் அரசுப் பொது மருத்துவமனைக்கு முதன்முறை நோயோடு வந்த 90 பேரை எடுத்துக்கொண்டு, ஆர். தாராவும் அவருடைய கூட்டாளிகளும் பல பத்தாண்டுகள் விடாமல் பின்தொடர்ந்தார்கள். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த சாரதா மேனன் 1984இல் தொடங்கிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமான ஸ்கார்ஃப் இந்தப் பணியின் இல்லமாயிற்று. இவ்வளவு நீண்ட காலம் நோயாளிகளைக் கைவிடாமல் தேடிப் போன ஆய்வுகள் உலகிலேயே குறைவு. அந்த உழைப்பை மதிக்கிறேன். பத்தாண்டுகள் கழித்துப் பார்த்தபோது ஆண்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு வேலையில் இருந்தார்கள். மேற்கில் இதைக் கேட்டு வியந்தார்கள். உதவித்தொகை இல்லாத நாட்டில் ஆண் வேலைக்குப் போகாமல் என்ன செய்வான் என்று நம் வீடுகளில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். நோயால் மணமுறிவுக்கு ஆளான பெண்களைப் பற்றியும் அதே நிறுவனத்தார் தனியே ஆராய்ந்து எழுதினார்கள். கணவன் கைவிட்ட பிறகு பெற்றோர் வீட்டில் ஒண்டியிருந்த பெண்கள். குடும்பம் தாங்குகிறது என்ற வாக்கியத்தில் தாங்குவது பெரும்பாலும் வயதான ஒரு தாய் என்பது அங்கே தெரிந்தது.

2008இல் தாரா, விக்ரம் படேல் உள்ளிட்ட நால்வர், ஏழை நாடுகளில் நோயின் போக்கு நல்லது என்ற அந்தப் பாடநூல் உண்மையையே கேள்விக்கு உட்படுத்தினார்கள். 11 நாடுகளின் 23 ஆய்வுகளை அடுக்கிப் பார்த்து, முடிவுகள் அவ்வளவு சீராக இல்லை என்று எழுதினார்கள். பக்கத்தைப் புரட்டிய ஜார்விஸின் வரிசையில் இவர்களையும் வைக்கலாம்.

நான் கேட்க விரும்புவது இன்னும் ஒரு படி கீழே இருக்கிறது. கிராமத்தில் எல்லோருக்கும் ஓரிடம் இருக்கிறது என்றார்களே, எந்த இடம்? டால்காட் பார்சன்ஸ் 1951இல் ‘நோயாளிப் பாத்திரம்’ என்று ஒன்றைச் சொன்னார். சமூகவியல் முதுகலையில் தேர்வுக்காக நான் மனப்பாடம் செய்தது. நோயாளிக்குச் சமூகம் கடமைகளிலிருந்து விலக்குத் தருகிறது. பதிலாக அவன் குணமாக முயல வேண்டும். படிக்கும்போதே உறுத்தியது. பண்ணையாளுக்கு யார் விலக்குத் தந்தார்? காய்ச்சலில் படுத்தவனை வீட்டு வாசலில் வந்து அழைத்துப்போன கதைகளைக் கேட்டுத்தானே வளர்ந்தோம். மனச்சிதைவு கொண்ட பண்ணையாள் மாடு மேய்த்துக்கொண்டிருந்தால், ஆய்வாளரின் தாளில் அவன் நன்றாகப் பொருந்தியவன். கூலி கேட்காமல், எதிர்த்துப் பேசாமல், சொன்னதைச் செய்துகொண்டு. அந்த ஊருக்கு அவனைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பானா?

மேல்சாதி வீட்டில் கணக்கு எழுத முடியாமல் போன மகனுக்கு ஊனம் பளிச்சென்று தெரியும். இழக்க அவனிடம் ஒரு நாற்காலி இருந்தது. சேரியில் பிறந்தவனுடைய ஊனம் தெரிவதற்கு அவன் குப்பை வண்டியிலிருந்தும் விழ வேண்டும்.

பொருந்தாதவர்கள் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறார்கள் என்பதை 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி காட்டியது. தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. அதற்கு அடுத்த ஆண்டில்தான் ‘ஐடியாஸ்’ அரசிதழில் வந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததாகச் சொல்லவில்லை. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நோயாளி யார் என்ற கேள்வியை அண்ணல் அம்பேத்கர் எப்போதோ திருப்பிப் போட்டுவிட்டார். ‘சாதி ஒழிப்பு’ நூலின் இரண்டாம் பதிப்புக்கு 1937இல் எழுதிய முன்னுரையில், இந்நாட்டின் நோயாளிகள் இந்துக்களே, அவர்களுடைய நோய் மற்றவர்களின் நலத்துக்குக் கேடு என்ற பொருளில் எழுதினார். அலங்காரத்துக்காகச் சொன்னதாக எடுத்துக்கொண்டு நாம் கைதட்டிவிட்டுப் போய்விடுகிறோம். அளவை முறைக்கான குறிப்பாகவும் அதைப் படிக்கலாம். ஒரு மனிதனுக்கும் ஊருக்கும் பொருத்தம் இல்லையென்றால் இரண்டில் எதை அளப்பது?

சட்டம் இந்தக் கேள்வியை ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதுதான் வேடிக்கை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறைபாடு தடைகளோடு மோதும்போது சமமாகப் பங்கேற்க முடியாமல் போகும் நிலையை வைத்துத்தான் மாற்றுத்திறனாளி யார் என்று வரையறுக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2001ஆம் ஆண்டு வகைப்பாட்டில் சூழல் காரணிகளுக்கென்று தனிப் பகுதியே உண்டு. சமூகத்தின் மனப்பான்மைகூட அதில் வரும். தடை என்று சட்டம் சொல்கிறது, சூழல் என்று உலகம் சொல்கிறது. சான்றிதழ் தரும் மேசையில் நான்கு கட்டங்கள் மட்டும் இருக்கின்றன; நான்கும் அந்த மனிதனுக்குள் இருப்பதை மட்டும் கேட்கின்றன.

கோலை உடைத்துப் போடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அது இல்லாத காலத்தில் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்தது சங்கிலி. அதே தாளுக்கு இரண்டாம் பக்கம் வேண்டும் என்கிறேன். பிரவுனும் விங்கும் சீப்பையும் கண்ணாடியையும் எண்ணியது போல, அந்தப் பக்கத்தில் தெருவை எண்ண வேண்டும். எவ்வளவு தூரத்தில் மாத்திரை கிடைக்கிறது, எந்தக் கடையில் உட்காரலாம், எந்த வேலை அவனுக்குத் திறந்திருக்கிறது, அந்த வேலையை உண்மையில் யார் செய்கிறார்கள்.

கடைசியில் சொன்ன கேள்வியால்தான் எங்களுக்கு வழி கிடைத்தது. அந்த 7ஐ எதிர்த்து மறுமதிப்பீட்டுக்கு மனு எழுதினோம். சித்தப்பாவிடமும் கூட வேலை செய்தவர்களிடமும் கேட்டுக் கேட்டு எழுதினேன். தம்பி வண்டியோடு நடப்பான், அவ்வளவுதான். பாதி நாள் நடுத்தெருவில் நின்று யாருடனோ பேசுவான். அவன் பங்குக் குப்பையையும் சித்தப்பாவே அள்ளி, வருகைப் பதிவில் அவனுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டு வந்திருக்கிறார். ஒன்பது ஆண்டுகளாக இரண்டு ஆள் வேலையை ஒருவர் செய்திருக்கிறார். வீட்டில் யாரும் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

மறுமதிப்பீட்டில் இன்னொரு மருத்துவர். சின்னம்மா மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. ஊராரிடம் ‘என் பிள்ளை நல்லாத்தான் இருக்கான், வேலைக்குப் போறான்’ என்று ஒன்பது ஆண்டுகள் சொல்லி வந்த வாயால், அவனுக்கு வேலை செய்யத் தெரியவில்லை என்று சொன்னார். தம்பி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். வேலை கட்டத்தில் 2 விழுந்தது. மொத்தம் 9.

சான்றிதழைக் கையில் வாங்கியதும் சின்னம்மா அதன் அடியில் இருந்த தேதியைக் காட்டி என்னவென்று கேட்டார். அதுவரைதான் செல்லும், பிறகு மறுபடி மதிப்பீடு உண்டு என்றேன்.

“அப்ப மறுபடியும் அவன் முன்னாடியே இதெல்லாம் சொல்லணுமா?”

சொல்ல வேண்டும் என்றேன். தாளை மடித்து மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மகனைக் கையைப் பிடித்து எழுப்பினார்.